நாயகன் பட்ட கடன்: மட்டக்களப்புத் திரைப்பட வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மண்டபம் பிடித்து, புரொஜெக்டர் இரவல் வாங்கி, மாதத்துக்கு ஒரு நல்ல படம் போட்டு, படம் முடிந்த பிறகு சனத்தை இருத்திவைத்துக் கதைக்கவும் விடுகிறீர்கள். மட்டக்களப்பில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அதனால்தான் இதை உங்களில் ஒருவரிடம் தனியாகச் சொல்லி முடிக்காமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

போன மாதம் 'நாயகன்' போட்டீர்கள். கதைக்கும் நேரம் வந்ததும் கம்பஸில் படிக்கிற தங்கச்சி ஒருவர் எழும்பி, "இது கோட்ஃபாதரப் பார்த்து எடுத்த படம்தானே? இத ஏன் இவ்வளவு தூக்கி வைக்கிறம்?" என்று கேட்டார். கேள்வி முடிய முன்னமே முன்வரிசையில் சத்தம் கிளம்பிவிட்டது. டைம் பத்திரிகையே சொன்ன படத்தை நீ குறை சொல்லுறியா என்றார் ஒரு அண்ணன். அந்தக் காலத்தைப் பற்றி உனக்கு என்ன மகள் தெரியும் என்றார் இன்னொருவர். அந்தப் பிள்ளை பேசாமல் இருந்துவிட்டார். அடுத்த கிழமை உங்கள் அறிவித்தல் வந்தது. தமிழின் தலைசிறந்த பத்துப் படங்கள், முதலாவது நாயகன். பக்கத்தில், எந்தப் படத்தின் சாயலும் இல்லாத தமிழ்ப் படைப்பு என்று ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பு பிழையானது. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி சரியானது. ஆனால் கொப்பி அடித்த படம் என்று சொல்லி நாயகனைத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: நாம் நாயகனைப் புகழும்போது பெரும்பாலும் அது கடன் வாங்கிய இடங்களைத்தான் புகழ்கிறோம். அதன் சொந்த இடங்களைப் பற்றி நாம் வாய் திறப்பதே குறைவு. தகுதிக்கு மீறிய புகழ் என்பது அங்கேதான் வந்து சேர்கிறது.

முதலில் கடனைச் சொல்லிவிடுவோம்.

கொப்போலாவின் கோட்ஃபாதர் 1972இல் வந்தது. மரியோ பூஸோ 1969இல் எழுதிய நாவலை வைத்து எடுத்த படம். அதன் முதல் காட்சியில், மகளைச் சிதைத்த பெடியன்களை நீதிமன்றம் விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒரு தகப்பன் மாஃபியாத் தலைவர் டொன் கோர்லியோனியிடம் நியாயம் கேட்டு வருகிறான். நாயகனில் ஒரு பொலிஸ் அதிகாரி, தன் மகளுக்கு நடந்த கொடுமைக்குச் சட்டத்தால் நியாயம் கிடைக்காது என்று வேலு நாயக்கரிடம் வருகிறார். கோர்லியோனி தன் மூத்த மகனின் சிதைந்த உடலைப் பார்த்து முகம் உடைந்துபோகிறார். வேலு நாயக்கர் தன் மகனின் உடலை மூடியிருக்கும் துணியை விலக்கிப் பார்த்து அழுகிறார். இருட்டான அறை, மேலிருந்து விழும் கொஞ்ச வெளிச்சம், கண் இருக்கிற இடத்தில் நிழல்: இது கோர்டன் வில்லிஸ் என்ற ஒளிப்பதிவாளர் கோட்ஃபாதருக்காகப் பிடித்துவைத்த முறை. பி.சி. ஸ்ரீராம் அதை நன்றாகப் படித்திருக்கிறார். முதிய வேலுவின் தாழ்ந்த குரலிலும், பின்னுக்கு வாரிய தலைமயிரிலும், அவசரப்படாத கையசைவிலும் கோர்லியோனியாக நடித்த மார்லன் பிராண்டோ தெரிகிறார். இவ்வளவையும் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

உப்பு மூட்டை விஷயத்தை அந்தக் கூட்டத்தில் யாருமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். வேலு முதன்முதலில் பெயர் எடுப்பது அந்தக் காட்சியில்தான். கடலில் கடத்தல் சாமானோடு வரும்போது அதிகாரிகள் வந்துவிடுகிறார்கள். சாமானோடு உப்பு மூட்டையைச் சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டுவிடுகிறான். பாரத்துக்கு எல்லாம் தாழ்ந்துபோகிறது. படகைச் சோதித்தவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். உப்பு கரைந்ததும் சாமான் மிதந்து மேலே வருகிறது. பார்க்கிறவன் கைதட்டாமல் இருக்க முடியாது. அன்றைக்கு மண்டபத்திலும் கைதட்டினார்கள். செர்ஜியோ லியோனி 1984இல் எடுத்த 'வன்ஸ் அப்போன் எ டைம் இன் அமெரிக்கா'வில் இதே யோசனை இருக்கிறது. மதுக் கடத்தல்காரர்களுக்கு ஒரு சின்னப் பெடியன் உப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறான். பிறகு அந்தப் பெடியன்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், வருமா வராதா என்று. முதல் பெட்டி மேலே எழும்புகிறபோது அவர்கள் துள்ளுகிற துள்ளல் பணத்துக்காக மட்டும் இல்லை. தங்கள் மூளை வேலை செய்துவிட்டது என்ற சந்தோசம் அது. மணிரத்னம் அந்தப் பொறியை எடுத்து, அதை வைத்து ஒரு வீரனை உருவாக்கியிருக்கிறார். லியோனியிடம் இருந்த பிள்ளை மனம் அங்கே தங்கிவிட்டது. ஆக நாம் கைதட்டியது லியோனிக்கு, அதுவும் அவர் செய்ததில் பாதிக்கு.

நமக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நாயகன் வந்தது 1987 தீபாவளிக்கு, ஒக்டோபர் 21ஆம் திகதி. அந்த நேரம் இந்திய இராணுவம் வடக்கில் சண்டையில் நின்றது. நம்மில் பலர் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்கவில்லை. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலால் வசனத்தைக் கேட்டுக்கொண்டு, வாசல் நிறையச் சனத்தோடு பார்த்தோம். கோட்ஃபாதர் நமக்குக் கிடைத்தது அதற்கு வெகுகாலம் கழித்து. பிள்ளையை முதலில் பார்த்தவர்கள் நாம். தாயைப் பிறகு கண்டபோது, இவ பிள்ளையைப் போல இருக்கிறாவே என்று சொன்னோம். அது நம் பிழை இல்லை. இன்றைக்கு இரண்டு படமும் எல்லோரின் கையிலும் இருக்கிறபோது அதையே திரும்பச் சொல்வதுதான் பிழை.

கடன் வாங்குவது கலையில் பாவம் இல்லை. இதை மட்டக்களப்பான் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கன்னன்குடாவிலோ வந்தாறுமூலையிலோ ஒரு வடமோடிக் கூத்துக் களரி ஏறினால், பதினெட்டாம் போரில் யார் சாவார்கள் என்பது முன்னால் பாயில் படுத்திருக்கிற பிள்ளைக்கும் தெரியும். கதை வியாசருடையது, ஏடு கூத்துப் பழக்கின முந்தின அண்ணாவியாருடையது. சனம் விடிய விடியக் கண் முழித்திருப்பது வீமனின் வரவு எப்படி இருக்கும், மத்தளம் எந்த இடத்தில் மாறும், இந்த முறை தருமனுக்கு ஆடுகிற பெடியனின் குரல் விடியும்வரை நிற்குமா என்று பார்க்கத்தான். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் அந்த இரவு முழுக்க ஆடுகிற கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று போட்டபோது, இது மட்டக்களப்புக் கூத்து என்று சொல்லித்தான் போட்டார். எங்கே எடுத்தார் என்பதை மறைக்கவில்லை. மறைக்காததால் அவருடைய பெருமை குறையவும் இல்லை.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்து, பகுதி பகுதியாகத் தமிழாக்கி, தனஞ்சயனின் தசரூபகம் சொல்லுகிற இலக்கணத்தோடு ஒட்டிப் பார்த்த புத்தகம் அது. இது ஷேக்ஸ்பியர், இது இன்ன நாடகம், இது வடமொழி நூல் என்று பெயர் சொல்லி எடுத்தார். அந்த ஷேக்ஸ்பியரும் கடன்காரர்தான். உரோம நாடகங்களுக்குப் புளூட்டாக்கிடம் போனார், ஆங்கில அரசர்களுக்கு ஹொலின்ஷெட்டின் வரலாற்று நூலைத் திறந்தார்.

சினிமாவில் இதற்குக் கணக்கு வழக்கும் நடந்திருக்கிறது. லியோனி 1964இல் எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஒஃப் டொலர்ஸ்' ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1961இல் எடுத்த 'யோஜிம்போ'வின் அச்சு. அனுமதி கேட்கவில்லை. யோஜிம்போவை வெளியிட்ட தோஹோ நிறுவனம் விடவில்லை. கடைசியில் உலக வசூலில் 15 வீதமும், ஜப்பான், தாய்வான், தென்கொரியா மூன்றிலும் வெளியிடும் உரிமையும் கொடுத்துத்தான் தீர்ந்தது. அந்த யோஜிம்போவும் அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ஹாமெட்டுக்குக் கடன்பட்டது. ஆக உப்பு மூட்டையை மணிரத்னத்துக்குக் கொடுத்த லியோனியே ஒரு காலத்தில் பிடிபட்டுப் பணம் கட்டியவர். கோட்ஃபாதரும் இதில் தப்பவில்லை. அதன் இசைக்கு ஒஸ்கார் பரிந்துரை வந்தது. இசையமைப்பாளர் நினோ ரோட்டா 1958இல் 'ஃபோர்ச்சுனெல்லா' என்ற இத்தாலியப் படத்துக்குப் போட்ட தன்னுடைய மெட்டையே திரும்ப எடுத்தது தெரிந்ததும் அந்தப் பரிந்துரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

தமிழிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து தொடங்கி, கடைசியில் கதையே வேறாகிப்போன படம். ஆனாலும் புதுமைப்பித்தனின் பெயரைப் போட்டார். மணிரத்னமே 1991இல் 'தளபதி' எடுத்தபோது கர்ணனை மறைக்கவில்லை. கர்ணனுக்குச் சூர்யா, துரியோதனனுக்குத் தேவா, அர்ச்சுனனுக்கு அர்ஜுன். கூத்துப் பார்த்து வளர்ந்த யாரும் முதல் அரைமணித்தியாலத்தில் பிடித்துவிடலாம். பிடித்த பிறகும் படம் பிடிக்கிறது. கடனைத் தெரிந்துகொண்டு பார்ப்பது ரசனையைக் கெடுக்காது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆகவே நாயகனின் பிசகு கடன் வாங்கியதில் இல்லை, வாங்கினதைச் சொல்லாமல் விட்டதில்தான். அந்த மௌனத்தை உங்கள் அறிவித்தல் இப்போது ஒரு பெருமையாக மாற்றியிருக்கிறது.

சரி, சொந்த இடங்களுக்கு வருவோம். எனக்கு இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

படத்தின் தொடக்கத்தை எடுங்கள். தூத்துக்குடியில் ஒரு சின்னப் பெடியன். தகப்பன் தொழிற்சங்கக்காரர், ஒளிந்திருக்கிறார். பொலிஸ் பெடியனை அடைத்துவைத்துப் பார்க்கிறது, பிறகு விட்டுவிடுகிறது. அவன் சந்தோசமாகத் தகப்பனைத் தேடிப் போகிறான். பின்னால் அவர்கள் வருகிறார்கள். அவன் கண்முன்னாலேயே தகப்பனைச் சுடுகிறார்கள். இப்படி ஒரு காட்சி கோட்ஃபாதரில் கிடையாது. அதன் இரண்டாம் பாகத்தில், சிசிலியில் டொன் கோர்லியோனியின் தகப்பனைக் கொல்வது உள்ளூர் மாஃபியாத் தலைவன். அது அவமானத்துக்குத் தீர்த்த பழி. இங்கே கொல்லுவது அரசு, அதுவும் பிள்ளையின் அன்பை வழிகாட்டியாக வைத்து. ஆளை வெளியே விட்டு, அவன் யாரிடம் போகிறான் என்று பார்க்கிற வேலை இந்த ஊருக்கு விளங்கப்படுத்த வேண்டிய ஒன்றில்லை. பிறகு பம்பாயில் அவனை எடுத்து வளர்த்த ஹுசைன் பாயைப் பொலிஸ் கூட்டில் வைத்துக் கொன்றுவிட்டு, அவரே தூக்குப் போட்டுக்கொண்டார் என்று சொல்லுகிறார்கள். நாங்கள் அந்த டெக்கில் பார்த்த நாளில், அந்த இடத்தில் வாசலில் இருந்த பொம்பிளைகள் யாரும் மூச்சு விடவில்லை. பிராண்டோவைப் போல நடிப்பதால் வந்த அமைதி இல்லை அது.

இன்னொன்று மொழி. வேலு நாயக்கர் பம்பாயில் பெரிய ஆளாகி, நரைத்து, பேரப்பிள்ளை கண்ட பிறகும் ஹிந்தி பேசுவதில்லை. பக்கத்தில் ஐயர் ஒருவர் எப்போதும் நிற்கிறார், மொழிபெயர்க்க. 2024இல் மறைந்த டெல்லி கணேஷ் அந்த வேடம். பலமான ஆளுக்கும் சொந்த வாய் போதாமல் ஒரு இரவல் வாய் தேவைப்படுகிறது. கோர்லியோனிக்கு நியூயோர்க்கில் இந்த வில்லங்கம் இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும். நாயகனில் இது வெறும் அலங்காரமாக வரவில்லை, காட்சிகளின் வேகத்தையே மாற்றுகிறது. அதிகாரி ஒன்று சொல்லுகிறான், வேலு ஐயரைப் பார்க்கிறார், ஐயர் சொல்லுகிறார், வேலு யோசிக்கிறார், பிறகுதான் பதில். அந்த இடைவெளியில் முழு மண்டபமும் காத்திருக்கிறது. தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்த சனம் நாம். அந்த இடைவெளியின் அர்த்தம் சென்னையில் பார்த்தவனைவிட நமக்குக் கூட விளங்கும். ஆனால் உங்கள் கலந்துரையாடலில் ஐயரின் பேரே வரவில்லை.

நீலா வருகிற காட்சி. விலைமாதர் வீட்டில் வேலுவுக்கு முன்னால் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளை, நாளைக்குக் கணக்குச் சோதனை, என்னை நேரத்தோடு விட்டுவிடுவீங்களா என்று கேட்கிறாள். சரண்யாவுக்கு அதுதான் முதல் படம். அந்த ஒரு வரியில் அவளுடைய முழு வாழ்க்கையும் வந்துவிடுகிறது, வேலுவின் முகமும் மாறிவிடுகிறது. இதற்கு இணையாகக் கோட்ஃபாதரில் ஒன்றைத் தேடினால் கிடைக்காது. அந்தப் படத்தின் பெண்கள் கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள். கடைசிச் சட்டகத்தில், கோர்லியோனியின் மகன் மைக்கேலின் மனைவி கே-யின் முகத்துக்கு முன்னால் கதவு உண்மையாகவே மூடப்படுகிறது. நாயகனில் மகள் சாருமதி கதவுக்குள்ளே வந்து நின்று, நீங்கள் யார் மற்றவனைத் தண்டிக்க என்று தகப்பனைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு வீட்டை விட்டே போகிறாள். படத்தில் வேலுவுக்குச் சமமாக நிற்கிற ஒரே ஆள் அவள்தான். கமலுக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது கிடைத்தது, ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும் கிடைத்தது. மூன்றும் தகுதியானவை. சாருமதியாக நடித்த கார்த்திகாவைப் பற்றி இத்தனை வருடத்தில் எவ்வளவு குறைவாகக் கதைத்திருக்கிறோம்!

இனிக் கடைசிப் பகுதி. இங்கே கடனும் சொந்தமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கோட்ஃபாதரில் கிழவர் கோர்லியோனி தக்காளித் தோட்டத்தில் பேரனோடு விளையாடுகிறார். தோடம்பழத் தோலைப் பல்லு மாதிரி வாய்க்குள் வைத்துப் பிள்ளையைப் பயங்காட்டுகிறார். பிள்ளை அழ, பிறகு சிரிக்க, ஓட, அவர் விழுந்து இறந்துபோகிறார். பேரனுக்கு அது சாவு என்று தெரியாது, விளையாட்டு என்று நினைக்கிறான். தாத்தாவின் கணக்குகள் எதுவும் பிள்ளையைத் தொடவில்லை. நாயகனிலும் முடிவுக்குக் கிட்ட ஒரு தாத்தாவும் ஒரு பேரனும் இருக்கிறார்கள். இந்தப் பேரன் விளையாடவில்லை, கேட்கிறான். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று. வேலுவுக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரைச் சுட்டுக் கொல்லுகிறவன், அவர் முன்பு மழையில் அடித்துக் கொன்ற இன்ஸ்பெக்டர் கெல்கரின் மகன். அந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு காலமும் உதவி வந்தவரும் வேலுதான். எதிரிக் கும்பலின் கையால் செத்திருந்தால் வேலு ஒரு வீரனாகப் போயிருப்பார். தான் அநாதையாக்கிய பிள்ளையின் கையால் செத்ததில், அவர் செய்த உதவி செய்த கொலையைக் கழுவவில்லை என்று படமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஒரு காட்சியை எடுத்து, அதன் அர்த்தத்தைத் தலைகீழாக்கி, எடுத்த இடத்தைவிடக் கூர்மையாக்கியது இது. இங்கே மணிரத்னம் கடனை வட்டியோடு கட்டிவிட்டார். அந்தத் தங்கச்சிக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் கலந்துரையாடல் அங்கேயிருந்து தொடங்கியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோட்ஃபாதரின் கனத்தோடு போகிற படம், படகில் வரும் ஆட்டப்பாட்டில் திடீரென்று சந்தைக்கு வந்துவிடுகிறது. நீலாவைக் கொன்றுவிட்டுக் கதை வேகமாக நகர்ந்துபோகிறது, அவள் இருந்ததே வேலுவை நோகச் செய்யத்தான் என்பதுபோல. இவை சின்னக் குறைகள். பெரிய குறை, வேலு அடிக்கிற ஒவ்வொருவனையும் அவரைவிட மோசமானவனாகக் காட்டிவைப்பது. கெல்கர், சேரியை இடிக்க வந்த சேட், மற்றக் கும்பல்காரர்கள், எல்லோரும் அப்படித்தான். இதனால் முக்கால்வாசிப் படத்துக்கு நமக்கு எந்தச் சங்கடமும் வருவதில்லை. கோட்ஃபாதர் அந்த வசதியைத் தருவதில்லை. மைக்கேல் தன் தங்கையின் புருஷனைக் கொல்லும்போது நமக்கு ஒதுங்க இடமில்லை.

நாலு பேருக்கு நன்மை என்றால் எதுவும் பிழையில்லை என்கிற அந்த வசனத்தின் கதியும் அதனால்தான் இப்படி ஆனது. படம் கடைசியில் அந்த வசனத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. சனம் எடுத்துக்கொண்டு போனதோ வசனத்தை மட்டும். ஓட்டோவின் பின்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், தேர்தல் போஸ்டரில் பார்த்திருக்கிறேன், இப்போது உங்கள் அறிவித்தலின் தலைப்பிலும் பார்த்தேன். நண்பர்களே, இந்த மாவட்டத்தில் அந்த வசனத்தை அவ்வளவு லேசாக எழுதக்கூடாது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டவர்களிடமும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் குழந்தைகளோடு சேர்த்துச் சனத்தைக் கொன்றவர்களிடமும் கேட்டிருந்தால், தங்கள் பக்கத்து நாலு பேரின் நன்மையைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள். நம்மில் எத்தனை வீடுகளில், இவன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்விக்கு ஒரே ஆளைப் பற்றி ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பதில் இருக்கிறது! அந்தப் பேரனின் கேள்வி நமக்குச் சினிமாக் கேள்வி இல்லை. இதைக் கதைக்க மட்டக்களப்பைவிடப் பொருத்தமான இடம் எது? இதை விட்டுவிட்டு டைம் பத்திரிகை 2005இல் நூறு படத்துக்குள் சேர்த்தது என்பதைச் சொல்லி ஒரு பிள்ளையை இருத்திவிட்டோம். அந்தப் பட்டியலில் கோட்ஃபாதரும் இருக்கிறது என்பதையாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள்கள். அந்தக் குறிப்பை எடுத்துவிடுங்கள். பட்டியலை வைத்திருங்கள், ஆனால் ஒன்று, இரண்டு என்ற இலக்கங்கள் வேண்டாம். நாயகன் அதில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் கொப்போலாவின் பெயரும் லியோனியின் பெயரும் இருக்கட்டும். பத்துப் படத்தில் இலங்கையில் எடுத்த தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லாததையும் ஒருக்கால் யோசியுங்கள். தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' யாருக்கும் நினைவு வரவில்லையா?

அந்தத் தங்கச்சியை அடுத்த கூட்டத்துக்கு நீங்களே கூப்பிடுங்கள். வெறுமனே வந்து இருக்கச் சொல்லாமல், படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். நான் சொன்னதில் பாதியை அவர் மறுப்பார் என்று நினைக்கிறேன். மறுக்கட்டும்.

பிறகு மூன்று மாதத்துக்கு மூன்று படம்: கோட்ஃபாதர், லியோனியின் படம், கடைசியாகத் திரும்பவும் நாயகன். இந்த ஒழுங்கில் பார்த்தால் எது எடுத்தது, எது சொந்தம் என்று யாரும் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. லியோனியின் படத்துக்கு 229 நிமிடப் பிரதியைத்தான் எடுங்கள். அமெரிக்காவில் 139 நிமிடமாக வெட்டி வெளியிட்டதில் கதையின் ஒழுங்கையே குலைத்துவிட்டார்கள். அவ்வளவு நீளம் என்றால் பின்னேரம் மூன்று மணிக்காவது தொடங்க வேண்டும், வாழைச்சேனைப் பக்கமும் கல்முனைப் பக்கமும் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே.

கோட்ஃபாதருக்குத் தமிழ் சப்டைட்டில் நான் செய்து தருகிறேன், கல்யாண வீட்டுக் காட்சி வரை முடித்துவிட்டேன். சாப்பாட்டுக் கடையில் மைக்கேலும் சொலோட்ஸோவும் இத்தாலிய மொழியில் கதைக்கிற இடத்துக்கு மூலத்திலேயே சப்டைட்டில் கிடையாது. அதை நானும் வெறுமையாகத்தான் விடப்போகிறேன், பிழையென்று நினைத்து யாரும் நிரப்பிவிட வேண்டாம். மிச்சத்தைச் சரிபார்க்க உங்களில் ஒருவர் வேண்டும். ஆளைச் சொல்லுங்கள், இந்தக் கிழமைக்குள் ஃபைலை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்